பக்கத்து வீட்டு மார்க்கம்: வாசகர் கேள்வி–பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கமிருந்து வந்த கடிதங்களில் பல இந்த முறை ஒரே பொருளைத் தொடுகின்றன. தோட்டத்து லய வீடுகளை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்த குடும்பங்கள் இப்போது முஸ்லிம் குடும்பங்களோடு சுவருக்குச் சுவர் ஒட்டி வாழ்கின்றன. செம்பனைத் தோட்டத்திலோ கூட வேலை செய்பவர்களில் பாதிப்பேர் இந்தோனேசியரும் வங்காளதேசிகளும். கிறிஸ்தவ வாசகர்கள் கேட்டவற்றுக்கு மறைக்கல்வி ஆசிரியர் ஒருவரும் தமிழ் ஆலிம் (இஸ்லாமிய மார்க்க அறிஞர்) ஒருவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டு அக்கா தமிழ் முஸ்லிம். அவர் நம்பிக்கையைப் புரிந்துகொள்ள ஆசைப்பட்டுத் தமிழ்க் குர்ஆன் வாங்கினேன். வேதாகமம் படிப்பதுபோல முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். இரண்டாம் அத்தியாயத்திலேயே மூச்சு வாங்குகிறது. எப்படிப் படிப்பது? (வாசகி, சுங்கை சிப்புட்)

முதல் பக்கத்திலிருந்து தொடங்கியதுதான் சிக்கல். ஆதியாகமம் உலகப் படைப்பில் தொடங்கி வரிசையாக வருகிறது. குர்ஆன் அப்படிக் கால வரிசையில் அடுக்கப்பட்ட நூல் அல்ல. 114 அத்தியாயங்கள், முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை விட்டுவிட்டால் பெரும்பாலும் நீண்டவை முன்னும் குறுகியவை பின்னுமாக இருக்கும். நீங்கள் மாட்டிக்கொண்ட பகரா அத்தியாயம்தான் இருப்பதிலேயே நீளமானது, 286 வசனங்கள். மதீனாவில் ஒரு சமூகம் உருவாகிக்கொண்டிருந்தபோது வந்தது என்பதால் நோன்பு, திருமணம், மணவிலக்கு, கடன் பத்திரம் என்று சட்டங்கள் நிறைய. புதிதாக வருபவருக்கு அது வாசல் அல்ல.

ஃபாத்திஹாவில் தொடங்குங்கள். ஏழே வசனம். ஐந்து வேளைத் தொழுகையில் ஒவ்வொரு ரக்அத்திலும் (தொழுகையின் ஒரு சுற்றிலும்) ஓதப்படுவது இதுதான். அந்த அக்கா ஒரு நாளில் கடமைத் தொழுகையில் மட்டும் 17 முறை இதை ஓதுகிறார். அடுத்து நேராக 19ஆம் அத்தியாயம், மர்யம், 98 வசனங்கள். பிறகு 12, யூசுஃப்; நீங்கள் சிறுவயதிலிருந்தே அறிந்த யோசேப்பின் கதை ஒரே ஓட்டமாக வருகிறது. அதன்பின் 3ஆம் அத்தியாயத்தில் 33 முதல் 64 வரை, 5ஆம் அத்தியாயத்தின் கடைசிப் பகுதி, முடிவில் நான்கே வசனம் உள்ள 112. இவ்வளவும் படித்துவிட்டுப் பகராவுக்குத் திரும்பினால் அது வேறு நூலாகத் தெரியும்.

மர்யம் அத்தியாயத்தை லூக்கா முதல் அதிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். இரண்டும் பிள்ளையில்லாத முதியவர் சகரியாவில் தொடங்குகின்றன. லூக்காவில் அவர் நம்பாததால் பிள்ளை பிறக்கும்வரை ஊமையாகிறார். குர்ஆனில் அவரே அடையாளம் கேட்கிறார். நலமாக இருந்தும் மூன்று இரவு மனிதரோடு பேசாதிருப்பதுதான் அடையாளம். பிறகு மரியாள். "புருஷனை அறியேனே" என்று லூக்காவில் கேட்கும் அதே கேள்வி 19:20இல் வருகிறது. "இது எனக்கு எளிது" என்பது இறைவனின் பதில்.

அதற்குப் பிறகு பாதை பிரிகிறது. குர்ஆனில் சூசையப்பர் இல்லை, தொழுவம் இல்லை. மர்யம் தனியாகத் தொலைவுக்குப் போகிறார். பிரசவ வலி ஒரு பேரீச்ச மரத்தடிக்கு அவரைக் கொண்டுசேர்க்கிறது. "இதற்கு முன்பே செத்திருக்கக் கூடாதா" என்று கதறுகிறார். மரத்தின் அடியைப் பிடித்து உலுக்கு, பழம் உதிரும் என்று ஒரு குரல் தேற்றுகிறது. கைக்குழந்தையோடு ஊருக்குத் திரும்பும்போது ஊரார் பழிக்கிறார்கள். தொட்டில் குழந்தை வாய் திறந்து, "நான் இறைவனின் அடியான், எனக்கு வேதம் கொடுத்தான், என்னை நபியாக்கினான்" என்கிறது. அதையடுத்து 35ஆம் வசனம், பிள்ளையை எடுத்துக்கொள்வது இறைவனுக்குத் தகாது என்று முடிவாகச் சொல்லிவிடுகிறது. ஒரே அத்தியாயத்துக்குள் நெருக்கமும் பிரிவும் இரண்டும் இருக்கின்றன. ஒன்றைப் படித்து மற்றதைத் தாண்டிப்போனால் படித்ததாகாது. குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் மர்யம்தான் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பேச்சைத் தொடங்க நல்ல இடம்.

நூலைக் கையாளும் விதமும் முக்கியம். நம் வீட்டு வேதாகமத்தில் பென்சில் கோடு, மஞ்சள் மை, பிரசங்கக் குறிப்பு எல்லாம் இருக்கும். படுக்கும் பாயின் ஓரத்தில் தரையில்கூடக் கிடக்கும். அது நமக்கு அன்னியோன்னியம். குர்ஆனை அப்படி வைத்திருப்பதைப் பார்த்தால் அந்த அக்காவுக்கு நெஞ்சு பதறும். தரையில் வைக்காதீர்கள், அதன்மேல் வேறு புத்தகம் அடுக்காதீர்கள், உள்ளே எழுதாதீர்கள். குறிப்பெழுதத் தனி நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். அரபு மூலத்தைத் தொட உளூ (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் முறை) வேண்டும் என்பது மலேசியாவில் நடைமுறையிலுள்ள ஷாஃபி மத்ஹபின் (மார்க்கச் சட்டப் பிரிவின்) நிலை. மொழிபெயர்ப்பும் விளக்கமும் அரபு எழுத்தைவிட அதிகமாக உள்ள பிரதிக்கு அந்தக் கண்டிப்பு இல்லை, ஆகவே அப்படிப்பட்டதையே வைத்துக்கொள்ளுங்கள். அக்கா வீட்டுக் குர்ஆனைக் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

கேள்வி: ஈசா நபி என்று இயேசுவை மதிக்கிறார்கள், ஆனால் சிலுவையை மறுக்கிறார்கள். பேச்சு அந்த இடத்துக்கு வந்தால் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. எல்லா மதமும் ஒன்றுதான் என்று சொல்லி முடித்துவிடலாமா? (வாசகர், லிந்தாங்)

முடித்துவிடலாம், ஆனால் அது அவருக்கும் மரியாதை இல்லை, உங்களுக்கும் இல்லை. சிலுவை இல்லாமல் உங்கள் விசுவாசம் இல்லை. இறைவனுக்கு இணையில்லை என்பது இல்லாமல் அவருடைய ஈமான் (நம்பிக்கை) இல்லை. ஒன்றுதான் என்பவர் இரண்டையும் படிக்காதவர்.

எது எங்கே நிற்கிறது என்று முதலில் தெளிவாகட்டும். கன்னிப் பிறப்பு, நோய் தீர்த்தது, இறந்தவரை எழுப்பியது, அல்மஸீஹ் (மேசியா) என்ற பட்டம், மீண்டும் வருவது ஆகியவற்றை முஸ்லிம்கள் ஏற்கிறார்கள். தேவகுமாரன், திரித்துவம், சிலுவை மரணம், பாவநிவாரணம் ஆகியவற்றை ஏற்பதில்லை. 4:157 அவர்கள் அவரைக் கொல்லவுமில்லை, சிலுவையில் அறையவுமில்லை என்று சொல்லி, அடுத்த வசனத்தில் இறைவன் அவரைத் தன்னிடம் உயர்த்திக்கொண்டான் என்கிறது. தன் நபியை எதிரிகளின் கையில் இழிவுபட இறைவன் விட்டுவிடவில்லை என்றே பெரும்பாலான முஸ்லிம்கள் இதை உணர்கிறார்கள். உங்கள் காதில் மறுப்பாக விழுவது அவர் மனத்தில் ஈசா நபியின் கண்ணியத்தைக் காப்பதாக இருக்கிறது. அதை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. தெரிந்திருந்தால் கோபம் பாதியாகும்.

பேச்சு கெடும் இடங்கள் சில உண்டு. 3:45இலும் 4:171இலும் ஈசா இறைவனிடமிருந்து வந்த "வார்த்தை" எனப்படுகிறார். யோவான் முதல் அதிகாரத்தை மனப்பாடமாகச் சொல்லும் நம் ஆட்கள் இதைக் கண்டதும் "பார், உங்கள் வேதமே ஒத்துக்கொள்கிறது" என்று பாய்வார்கள். "ஆகுக" என்ற கட்டளையால் பிறந்தவர் என்பதுதான் அவர்கள் கொள்ளும் பொருள். இன்னொருவருடைய வேதத்துக்கு நாம் பொருள் சொல்லி அவர் வாயை அடைக்கப் பார்ப்பது கற்றல் அல்ல. "இந்த வசனத்தை நீங்கள் எப்படிப் புரிந்துகொள்கிறீர்கள்?" என்று கேளுங்கள், அவர் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள்.

அதேபோல் அவர்கள் பக்கமிருந்தும் வரும். கிறிஸ்தவர்கள் மூன்று கடவுளை வணங்குகிறார்கள், அல்லது பிதா, மரியாள், இயேசு என்று மூவர் என்று நினைப்பவர்கள் உண்டு. "திரித்துவம் என்று நாங்கள் சொல்வது பிதா, சுதன், பரிசுத்த ஆவி, மாதாவை அதில் சேர்ப்பதில்லை, கடவுள் ஒருவரே என்றுதான் அறிக்கையிடுகிறோம்" என்று இரண்டு வாக்கியத்தில் சொன்னால் போதும். நம்மிடமும் பொய்கள் சுற்றுகின்றன: அவர்கள் முகம்மது நபியை வணங்குகிறார்கள், மக்காவில் கல்லை வணங்குகிறார்கள் என்பவை. இரண்டும் தவறு. கஃபா தொழுகையின் திசை. நபியை வணங்குவது அவர்கள் கணக்கில் மன்னிப்பில்லாத ஷிர்க், அதாவது இறைவனுக்கு இணைவைத்தல். நம் பத்துக் கட்டளையில் பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதே என்று ஒன்று இருக்கிறதே, அது அடுத்தவர் மார்க்கத்தைப் பற்றிய புரளிக்கும் பொருந்தும்.

கேள்வி: இப்படிப் படிப்பதே பாவம் என்கிறார் சபையில் ஒருவர். (அதே வாசகர்)

கத்தோலிக்கர் என்றால் 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட அறிக்கையைக் காட்டுங்கள். ஒரே கடவுளை ஆராதிக்கும் முஸ்லிம்களைத் திருச்சபை மதிக்கிறது, பழைய பகைகளை மறந்து ஒருவரையொருவர் புரிந்துகொள்ள முயல வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. மெதடிஸ்ட், லூத்தரன் என்றால் 1 பேதுரு 3:15 போதும்: "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறது. அந்தப் பக்கமிருந்தும் கை நீண்டிருக்கிறது. 2007இல் 138 முஸ்லிம் அறிஞர்கள் கிறிஸ்தவத் தலைவர்களுக்கு எழுதிய திறந்த மடல், கடவுளன்பையும் பிறரன்பையும் இரு மார்க்கத்துக்கும் பொதுவான தளமாக முன்வைத்தது. அதன் அடிப்படை நீங்கள் படிக்கப்போகும் 3:64ஆம் வசனம்தான்.

கேள்வி: எங்கள் வாலிபர் குழுவைப் பள்ளிவாசலுக்கு அழைத்துப் போகலாமா? (வாசகி, சுங்கை சிப்புட்)

போகலாம். பக்கத்திலேயே கோலகங்சாரில் உபுடியா பள்ளிவாசல் இருக்கிறது. 1913இல் தொடங்கி 1917இல் முடிந்தது. நடுவே யானைகள் சண்டையிட்டு இத்தாலியப் பளிங்கை உடைத்துவிட்டதால் வேலை தாமதப்பட்டது என்பார்கள். அழகுக்கு அது, பேச்சுக்கு உங்கள் ஊர்ப் பள்ளிவாசலே மேல். பெரிய இடத்தில் படம் எடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். ஊர்ப் பள்ளியில்தான் இமாம் உட்கார்ந்து பதில் சொல்வார்.

ஒரு வாரம் முன்பே பள்ளிவாசல் நிர்வாகக் குழுவிடம் கேளுங்கள், எத்தனை பேர், என்ன வயது என்று சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம். காலை பத்து மணி வாக்கில் போனால் லுஹர் (நண்பகல்) தொழுகைக்கு முன் நேரம் தாராளம். ஆண்கள் நீளக் காற்சட்டை. பெண்கள் கை, கால் மறையும் தளர்ந்த உடை, தலைக்கு ஒரு ஷால். பஞ்சாபி உடை அப்படியே பொருந்தும். கழுத்துச் சிலுவையைக் கழற்றச் சொல்லி யாரும் கேட்பதில்லை. பெரிதாக வெளியே தொங்கவிட வேண்டாம். செருப்பைப் படிக்கட்டுக்கு வெளியே விடுங்கள். பலர் தவறுவது இங்கேதான்: செருப்புக் காலோடு முதல் படியில் ஏறி அங்கே கழற்றுவார்கள். அந்தப் படி வெறுங்கால் பகுதியாக இருக்கும். காலுறை ஈரமாக இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள்.

உள்ளே யாராவது தனியாகத் தொழுதுகொண்டிருந்தால் அவருக்கு முன்னால் குறுக்கே நடக்காதீர்கள், பின்னால் சுற்றிப் போங்கள். உளூ செய்யும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள்; கை, வாய், மூக்கு, முகம், முழங்கை வரை, தலை, காது, கணுக்கால் வரை என்று வரிசையாகச் செய்து காட்டினால் பிள்ளைகளுக்கு நன்றாக நினைவிருக்கும். அவர்களோடு சேர்ந்து நின்று தொழுகையைப் பின்பற்ற வேண்டாம். மரியாதைக்காகச் செய்தாலும் அது நடிப்பாகும். பின்வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருப்பதே சரி.

கேள்வி: செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக (மேற்பார்வையாளராக) இருக்கிறேன். ரமலானில் என் கீழுள்ள இந்தோனேசியப் பையன்கள் மதியம் சோர்ந்து விழுகிறார்கள். "கொஞ்சம் தண்ணீர் குடிடா, கடவுள் ஒன்றும் சொல்லமாட்டார்" என்றால் முறைக்கிறார்கள். (வாசகர், சுங்கை சிப்புட்)

முறைக்கத்தான் செய்வார்கள். ஒரு மிடறு தண்ணீரும் நோன்பை முறிக்கும், அது அவர்களுக்குக் கடமை. நம் தவக்காலத்தில் இறைச்சி விடுவதுபோல அவரவர் விருப்பத்துக்கு வைத்துக்கொள்வது இல்லை. விடியலில் சுபுஹுக்கு முன் சாப்பாட்டை முடித்து மாலை மஃரிப் வரை ஏறக்குறைய பதின்மூன்றரை மணி நேரம் உணவும் நீரும் இல்லை. சிகரெட்டும் கிடையாது, முதல் வாரத்து எரிச்சலுக்குப் பாதிக் காரணம் அதுதான்.

வேலையை மாற்றிப் போடுங்கள். உடம்பில் தெம்பிருப்பது காலையில். குலை வெட்டுவதும் தூக்கி ஏற்றுவதும் பதினொரு மணிக்குள் முடியட்டும். உதிரிப்பழம் பொறுக்குவது, மட்டை அடுக்குவது போன்றவற்றைப் பிறகு வையுங்கள். மருந்தடிப்பை வெயிலேறிய பிறகு கொடுக்காதீர்கள். முகமூடிக்குள் வேர்த்து நீர் வற்றினால் மயக்கம் சீக்கிரம் வரும். பெரட்டை (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பதை) சிறிது முன்னதாக வைக்க முடியுமா என்று தோட்ட நிர்வாகத்திடம் கேளுங்கள். சுபுஹுத் தொழுகை முடியும் நேரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். வாய் கொப்பளிப்பதும் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வதும் நோன்பை முறிக்காது, விழுங்கக் கூடாது, அவ்வளவே. ஆகவே தண்ணீர்த் தொட்டி நிழலில் இருக்கட்டும்.

யாருக்காவது பேச்சு குழறினால், வேர்வை நின்று தோல் சுட்டால், நடக்கத் தள்ளாடினால் அது சோம்பல் அல்ல, வெப்பத் தாக்கம். நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை நனைத்து உடனே கிளினிக்குக்கு ஆளனுப்புங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் நோன்பை முறிக்க மார்க்கமே இடம் தருகிறது. விட்ட நாளைப் பின்னர் நோற்றுக்கொள்வார். இதை நீங்கள் சொல்வதைவிட அவர்களில் மூத்தவர் ஒருவர் சொன்னால் ஏறும். ரமலான் தொடங்கும் முன்பே அவரைப் பிடித்துப் பேசிவையுங்கள்.

பெண் தொழிலாளி ஒருத்தி நோன்பில்லாமல் ஒதுங்கிச் சாப்பிடுவதைக் கண்டால் ஏன் என்று கேட்காதீர்கள். மாதவிலக்கு நாட்களில் நோன்பு இல்லை; கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவருக்கும் சலுகை உண்டு. "உனக்கு இன்று புவாசா (நோன்பு) இல்லையா?" என்று கூட்டத்தில் கேட்பது அவளைத் தலைகுனிய வைக்கும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை ஆண்களுக்குக் கட்டாயம். மதியம் ஒன்றிலிருந்து இரண்டேகால் வரை என்று வைத்து, போக வர நேரமும் சேர்த்து விடுங்கள். ரமலான் மட்டுமில்லை, வருடம் முழுக்க.

கேள்வி: நோன்பு திறக்க அழைத்திருக்கிறார்கள். என்ன கொண்டுபோவது? (வாசகி, சுங்கை சிப்புட்)

முழுப் பழம். தர்பூசணி, மாம்பழம், எதுவானாலும் வெட்டாமல். அதில் பாத்திரம், எண்ணெய், கத்தி என்ற எந்தக் கேள்வியும் எழாது. ஹலால் முத்திரையுள்ள, பிரிக்காத பேரீச்சம்பழப் பெட்டியும் நல்லது. கால் மணி நேரம் முன்பே போய் உட்காருங்கள். பாங்கு சொல்லும்வரை தட்டில் கை வைக்க வேண்டாம். பேரீச்சம்பழம், தண்ணீர், நோன்புக் கஞ்சி என்று தொடங்கி, சிறிது சாப்பிட்டுவிட்டு மஃரிப் தொழ எழுந்து போவார்கள். விருந்து முடிந்துவிட்டதென்று நீங்களும் எழுந்துவிடாதீர்கள், சோறு அதற்குப் பிறகுதான். இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பிறகு ரமலானுக்கே உரிய தராவீஹ் தொழுகை இருப்பதால் எட்டரைக்குள் விடைபெறுவது நாகரிகம்.

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு நாங்கள் அழைத்தால் வருகிறார்கள், ஆனால் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போகிறார்கள். பன்றி வைக்கவில்லை என்று சொல்லியும்! (வாசகர், சுங்கை சிப்புட்)

பன்றி வைக்காதது மட்டும் போதாது. சந்தையில் யார் அறுத்த கோழி? பன்றி சமைத்த சட்டியிலா இது வெந்தது? பழக்கேக்கில் ரம் ஊற்றி ஊறவைத்தீர்களா? ஜெல்லியில் என்ன ஜெலட்டின்? இவ்வளவையும் விருந்தாளி உங்கள் முகத்துக்கு நேரே கேட்க முடியாது, அதனால் தண்ணீரோடு நிறுத்திக்கொள்கிறார். ஷாஃபி மத்ஹபில் பன்றியும் நாயும் கனமான நஜிஸ் (அசுத்தம்). அது ஈரத்தோடு பட்ட பாத்திரத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். பாத்திரச் சோப்பு அந்த இடத்தை நிரப்பாது. நம் ஆட்கள் "நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டேனே" என்று மனம் வருந்துவது இங்கேதான்.

எளிய வழி, ஹலால் சான்றுள்ள கடையிலிருந்து பிரியாணி வரவழைத்து, அந்தப் பெட்டியோடே, காகிதத் தட்டோடு தனி மேசையில் வைப்பது. எந்தக் கடை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முறுக்கும் நெய்யுருண்டையும் வீட்டில் செய்துதான் ஆக வேண்டும் என்றால் புது வாணலி, புது எண்ணெய், தனி டப்பா. ஜெல்லிக்குப் பதில் கடல்பாசி. கேக்கை ஹலால் முத்திரையோடு வாங்கிவிடுங்கள். மேசைமேல் மது வேண்டாம், வேறு விருந்தாளிக்கு என்றாலும். மது பரிமாறும் பந்தியில் உட்காரக் கூடாது என்பது அவர்களில் பலர் கடைப்பிடிக்கும் விதி. தெரியாத ஒன்றை "ஹலால்தான், சாப்பிடுங்கள்" என்று மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். 5:5ஆம் வசனம் வேதக்காரர் (யூதர், கிறிஸ்தவர்) உணவை அனுமதிக்கிறதே என்று வாதாடவும் வேண்டாம்.

நாய் வளர்ப்பவர்கள் அதைப் பின்வாசலில் கட்டுங்கள். குரைப்புக்குப் பயந்து அல்ல, அதன் ஈர மூக்கு ஒருமுறை பட்டால் போதும், தொழும் உடையை மாற்றியாக வேண்டும். மண்டபத் தரையைக் காலையிலேயே கழுவிக் காயவிட்டால் அவர்கள் நிம்மதியாக உட்காருவார்கள்.

கோவில் ஆராதனைக்கு அழைக்காதீர்கள், வீட்டு விருந்துக்கு அழையுங்கள். சாப்பாட்டுக்கு முன் ஜெபம் செய்வது உங்கள் வழக்கம் என்றால் சுருக்கமாக நீங்களே செய்துகொள்ளுங்கள். விருந்தாளியின் கையைப் பிடித்து வட்டமாக நிற்கவைக்க வேண்டாம். பரிசுப் பையில் கைப்பிரதி, வேதப் பகுதி எதுவும் இருக்கக் கூடாது. அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான்.

கேள்வி: சட்டச் சிக்கல் வருமா? நான் மதம் மாறப்போகிறேன் என்று உறவினர்கள் பயப்படுகிறார்கள். (வாசகி, சுங்கை சிப்புட்)

கற்பதற்குத் தடை இல்லை. கூட்டரசு அரசியலமைப்பின் பிரிவு 3(1) இஸ்லாத்தைக் கூட்டரசின் மதமாகவும், மற்ற மதங்களை அமைதியாகப் பின்பற்றலாம் என்றும் சொல்கிறது. 11(4) முஸ்லிம்களிடையே வேறு மதத்தைப் பரப்புவதைக் கட்டுப்படுத்த மாநிலங்களுக்கு அதிகாரம் தருகிறது. பேராக்கில் 1988 முதல் அப்படிச் சட்டம் இருக்கிறது. ஆகவே நீங்கள் கேட்கலாம், அவர் கேட்டால் உங்கள் நம்பிக்கையைச் சொல்லலாம், ஆனால் நூல் கொடுப்பது, ஜெபக்கூட்டத்துக்கு இழுப்பது, பிள்ளைகளை ஞாயிறு பள்ளியில் உட்காரவைப்பது ஆகியவற்றின் பக்கமே போகாதீர்கள். மாட்டுவது நீங்கள் மட்டுமல்ல, அந்தக் குடும்பமும்.

நோன்புக் கஞ்சி குடித்ததாலோ குர்ஆன் படித்ததாலோ யாரும் முஸ்லிம் ஆகிவிடுவதில்லை. கலிமாவை (இஸ்லாத்தை ஏற்கும் உறுதிமொழியை) அறிந்து, மனமுவந்து மொழிந்து, மாநில சமய இலாகாவில் பதிய வேண்டும். அதனால்தான் ஒரு எச்சரிக்கை: கலிமாவைச் சாட்சிகள் முன் விளையாட்டாகச் சொல்லிப் பார்க்காதீர்கள். உச்சரிப்புப் பழக என்றாலும் வேண்டாம். பதிவான பிறகு திரும்புவது இந்நாட்டில் நீண்ட வழக்கு. காதல் விஷயமும் கடிதத்தின் ஓரத்தில் இருப்பதால் சொல்கிறோம்: மார்க்க நூல்களில் வேதக்காரப் பெண்ணை முஸ்லிம் ஆண் மணக்கலாம் என்றிருந்தாலும், மலேசிய மாநிலச் சட்டங்கள் அதற்குத் தரும் வரையறை மிகக் குறுகியது. நடைமுறையில் மதம் மாறாமல் திருமணப் பதிவு நடக்காது.

கேள்வி: முஸ்லிம் வீட்டில் சாவு. மலர்வளையம் கொண்டுபோகலாமா? (வாசகர், சுங்கை சிப்புட்)

வேண்டாம். மெழுகுவத்தியும் வேண்டாம். உடனே போங்கள், பெரும்பாலும் அன்றே அடக்கம், மாலை வரை காத்திருந்தால் மையத்து (இறந்தவர் உடல்) போயிருக்கும். குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றுவார்கள், ஆணுக்கு மூன்று, பெண்ணுக்கு ஐந்து. முகம் பார்க்க விரும்பினால் வீட்டாரிடம் கேளுங்கள். உறவல்லாத பெண்ணின் முகத்தை ஆண்கள் கேட்பதில்லை. உறையில் பணம் வைத்து வீட்டாரில் ஒருவர் கையில் கொடுங்கள், அன்றைய செலவுக்கு உதவும். இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகையின்போது வெளியே நில்லுங்கள். கபுரஸ்தான் (அடக்கத்தலம்) வரை போகலாம், கபுர்களை (கல்லறைகளை) மிதிக்காமல், தாண்டாமல், சுற்றி நடங்கள். இரவில் இறந்தவருக்காகத் தஹ்லீல் ஓதும்போது அழைத்தால் போய் உட்காரலாம்.

கேள்வி: சலாம் சொல்லலாமா? கை கொடுக்கலாமா? (வாசகி, சுங்கை சிப்புட்)

தமிழ் முஸ்லிமுக்கு வணக்கம் போதும், மலாய்க்காரருக்கு செலாமாட் பாகி. அவர் சலாம் சொன்னால் புன்னகையோடு தலையசைத்தாலே பதில்தான். கை கொடுப்பதில் ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் தயக்கமே இல்லை. எதிர்ப்பாலர் என்றால் அவர் கை நீட்டும்வரை பொறுங்கள். நீட்டாமல் நெஞ்சில் கை வைத்தால் நீங்களும் அப்படியே செய்யுங்கள். நோன்புப் பெருநாளுக்குப் போகும்போது பிள்ளைகளுக்குப் பச்சை உறையில் டூட் ராயா (பெருநாள் பணம்) வையுங்கள். சிவப்பு உறை சீனப் புத்தாண்டுக்கு.

பெருநாள் எந்த நாள் என்று முன்கூட்டியே விடுப்பு எழுதிவிடாதீர்கள். பிறை பார்த்த பிறகு முந்தைய இரவில் அரச முத்திரைக் காப்பாளர் தொலைக்காட்சியில் அறிவிப்பார். நோன்பு 29 நாளிலும் முடியும், 30 நாளிலும் முடியும்.